இராணுவம் வைத்திருந்த காணிக்கு அரசு வாடகை கொடுக்க வேண்டுமா?

செம்மண்:

இலங்கையில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூன் மாதம் வெளியேறிய மக்களின் காணிகள், போர் முடிந்த பின்னர், துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் கிடைத்தது. பலாலி விமானத் தளப் பக்கத்து வீதிகள் சில 2024, 2025 ஆண்டுகளில்தான் திறக்கப்பட்டன. ஒவ்வொரு விடுவிப்பும் அரசின் கொடையாகவே அறிவிக்கப்படுகிறது. என் கேள்வி, விடுவிக்கப்பட்ட பிறகு எஞ்சும் கணக்கைப் பற்றியது: ஒருவருடைய தோட்டக்காணியை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் அரசு பயன்படுத்தியிருக்குமானால், அந்தக் காலத்துக்குரிய வாடகையை அவருக்குக் கொடுக்கும் கடமை அதற்கு இல்லையா?

காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி அரசு ஒரு காணியை எடுத்தால் சந்தை மதிப்பில் இழப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் வலிகாமம் வடக்கில் காணியை எடுக்கப்போவதாகச் சொல்லும் அந்தச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது 2013 ஏப்ரலில்தான். அதில் குறிக்கப்பட்ட பரப்பு 6,381 ஏக்கர். அதற்கு முந்தைய இருபத்துமூன்று ஆண்டுகளும் எந்தச் சுவீகரிப்பும் இல்லாமலே இராணுவம் அங்கே இருந்தது. சட்டப்படி எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும், சட்டத்தைத் தொடாமல் எடுத்தால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலைமையை எந்த நீதியால் விளக்குவது?

திறைசேரிக் கண்:

செம்மண் அவர்களின் கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், அது யாருக்குப் பயன்படும் என்று கேட்க விரும்புகிறேன். வாடகை என்பது பரப்பைப் பொறுத்தது. பத்து ஏக்கர் வைத்திருந்தவர் பத்து மடங்கு பெறுவார். அவர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். கோணப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும் மல்லாகத்து முகாம்களிலும் கால் நூற்றாண்டு தகரக் கொட்டிலில் இருந்தவர்களிலோ சொந்தக் காணியே இல்லாதவர்கள் கணிசமானோர்: அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள், கடற்றொழிலாளர்கள். உங்கள் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

மேலும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த நாடு இது. திறைசேரியில் இருப்பது பெரும்பாலும் மா, சீனி, எரிபொருள் வாங்குகிற எல்லோரிடமும் அறவிட்ட வரி. மலையகத் தோட்டத் தொழிலாளியிடம் வாங்கிய வரியை வெளிநாட்டிலிருக்கும் காணிச் சொந்தக்காரருக்கு வாடகையாகக் கொடுப்பதை நான் சமூக நீதி என்று சொல்லமாட்டேன். அரசின் கடமை தேவையைப் பார்த்து உதவுவது. வீடில்லாதவருக்கு வீடும் தொழிலில்லாதவருக்குத் தொழிலும், போரில் யார் எதை இழந்தார் என்று தராசு பிடிக்காமல், கொடுக்கப்பட வேண்டும்.

செம்மண்:

காணியற்றவர்களை நீங்கள் முன்னே நிறுத்துவது நல்லது. ஆனால் அவர்களுக்கு அரசு செய்யாததை, மற்றவர்களுக்கும் செய்யாமலிருப்பதற்கான காரணமாக்குகிறீர்கள். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டபோது, வீட்டைக் கட்டுவதற்குக் காணி வேண்டியிருந்தது. தன் காணி முட்கம்பிக்கு அப்பால் இருந்தவர் எங்கே அத்திவாரம் வெட்டுவார்? தேவையைப் பார்த்துக் கொடுக்கும் உதவியும் இந்த ஆக்கிரமிப்பினாலேயே அவரைச் சேராமல் போனது.

கடன் கொடுத்தவர் வறியவரா செல்வரா என்று கடன் வாங்கியவன் கேட்பதில்லை. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் தன் யப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்ததற்காக 1988 இல் சட்டம் இயற்றி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுத்தது. அவர்களில் யார் ஏழை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

கல்பிட்டி வாசகன்:

இருவரும் இராணுவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் ஒரு குடும்பம் எங்களுடையது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான் கொடுத்தார்கள். எங்கள் வீட்டை எடுத்தது அரசு அல்ல. செம்மண் அவர்களின் கணக்குப்படி, வாடகை கொடுக்க வேண்டிய தரப்பு 2009 மே மாதத்தோடு இல்லாமல் போய்விட்டது. அப்படியானால் எங்களுக்கு எவரும் பொறுப்பில்லையா?

திறைசேரிக் கண் அவர்களின் தேவை அளவுகோலையும் நாங்கள் அனுபவித்துவிட்டோம். போர் முடிந்து நாங்கள் திரும்பியபோது எங்களுக்குப் பழைய இடம்பெயர்ந்தோர் என்று பெயர் வைத்தார்கள். இறுதிப் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கே முதலிடம் என்றார்கள். அவர்களின் தேவை அவசரமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேவை என்று சொல்லும்போதெல்லாம் வரிசையை அமைப்பவர் அதிகாரி. வரிசையில் பின்னால் நிற்பவருக்குக் கேட்கும் உரிமை இல்லை. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டீர்கள், அங்கேயே இருக்கலாமே என்று பிரதேச செயலகங்களில் எங்களில் எத்தனையோ பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

குடிமகனைக் காப்பது அரசின் கடமை. காக்கத் தவறியதற்கும் ஒரு பொறுப்பு உண்டு. எடுத்தவர் யார் என்பதை மட்டும் பார்த்தால் அந்தப் பொறுப்பு மறைந்துவிடும்.

நொத்தாரிசு:

சட்டப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாக்கப்பட்டது. அதன் கொள்கைகள் அமைச்சரவையின் அங்கீகாரத்தையும் பாராளுமன்றத்தையும் தாண்டித்தான் நடைமுறைக்கு வர வேண்டும். ஆகவே அது தானாக ஒரு வாடகைத் திட்டத்தைத் தொடங்க முடியாது. கல்பிட்டி வாசகன் கேட்டதற்கு ஓரளவு அருகில் வருவது 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தன் காணியை மீட்க நீதிமன்றம் போக முடியாதிருந்தவருக்கு எதிராக, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் (அடுத்தவர் காணியில் நீண்டகாலம் இருந்தவர் அதைத் தமதென்று கோரும் உரிமை) கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அது சொல்கிறது. அதாவது அந்த ஆண்டுகள் உரிமையாளரின் அலட்சியமாகக் கொள்ளப்படமாட்டா. பணம் கொடுக்கும் சட்டம் அல்ல அது.

அரசின் மனப்பாங்குக்கு இன்னோர் உதாரணம்: 2025 மார்ச் 28 இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு வர்த்தமானி வெளியானது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகலாம். போரில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் அந்த அவகாசத்துக்குள் என்ன செய்வது? உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது கைவிடப்பட்டது.

வாடகை பற்றி என் கருத்து: போர் நடந்த காலத்தை ஒரு விதமாகவும், 2009 மே 19 க்குப் பிந்தைய காலத்தை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். சண்டை நடக்கும்போது விமானத் தளத்தைச் சுற்றி வெற்றிடம் வைத்திருந்ததற்கு இராணுவத் தேவை என்ற வாதம் உண்டு. அதற்குப் பிறகு அதே நிலத்தில் மரக்கறி பயிரிட்டு விற்பதற்கு அந்த வாதம் பொருந்தாது.

திறைசேரிக் கண்:

மரக்கறிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். தனியார் காணியில் படையினர் நடத்திய பண்ணைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருமானம் வந்திருந்தால், அது காணிச் சொந்தக்காரருக்கு உரியது. அதைப் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து கழித்துக் கொடுக்கலாம், மலையகத்தாரின் வரியைத் தொட வேண்டியதில்லை. ஓடுபாதைக்கும் அரணுக்கும் பயன்பட்ட நிலத்துக்கு வாடகை என்பதை இப்போதும் ஏற்கமாட்டேன். அங்கே தேவையானால் சட்டப்படி எடுத்துச் சந்தை விலையைக் கொடுத்து முடிக்கட்டும். ஒருமுறை கொடுத்துத் தீர்ப்பதே எல்லோருக்கும் நல்லது.

செம்மண்:

ஒருமுறை கொடுத்துத் தீர்ப்பதில் எனக்கு அச்சம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு 2022 இல் ஓர் இலட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தபோது, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து போராடிவந்த தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்வியை மூடுவதற்கான விலை அது என்று கண்டுகொண்டதால் மறுத்தார்கள். காணி விடயத்திலும் பணம் வாங்கினால் மண் போய்விடும் என்ற பயம் 2013 அறிவித்தலுக்கு எதிராக வழக்குப் போட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இருந்தது. அவர்கள் விலையைக் கூட்டும்படி நீதிமன்றத்தைக் கேட்கவில்லை, காணியைத்தான் கேட்டார்கள்.

நொத்தாரிசு அவர்களின் 2009 எல்லைக் கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இராணுவத் தேவை என்பது காணியில் இருப்பதற்கான காரணமாகலாம், வாடகை கொடுக்காமல் இருப்பதற்கான காரணமாகாது.

நொத்தாரிசு:

உங்கள் வாதத்தை நீதிமன்றம் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் 1990 இலிருந்து கேட்டால் வழக்கு முடிய இன்னொரு தலைமுறை ஆகும், அதுவரை 2009 க்குப் பிந்தைய தொகையும் கிடைக்காது. மயிலிட்டியிலும் தெல்லிப்பழையிலும் என்னிடம் உறுதியோடு வருபவர்களில் பெரும்பாலானோர் எழுபது வயதைக் கடந்தவர்கள்.

கல்பிட்டி வாசகன்:

2009 க்குப் பின்னரான தொகை மட்டும் என்றால் எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை என்பதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், நொத்தாரிசு ஐயா.