மறு: மெஷின் வாளு கிக்பேக்குக்கு 'பின்னுதை' சரியா?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல, மெஷின் வாளு (செயின்சா) திடீர்னு நம்ம மேல எகிறுற கிக்பேக்குக்கு நீங்க 'பின்னுதை'ன்னு போட்டிருந்தத பாத்தேன். சொல்லு நல்ல சொல்லுதான், துப்பாக்கி தோள்ல உதைக்கும்லா அதுக்கு ரொம்பப் பொருத்தம், ஆனா மெஷின் வாளுக்கு அத வைக்கப்பிடாதுன்னு தோணுது, ஏன்னு சொல்லுதேன்.

வாளுல நீளமா நீட்டிக்கிட்டு இருக்க தகடுதான் பார், சங்கிலி அதோட மேல்விளிம்புல நம்மள விட்டு முன்னால ஓடி, முனைய சுத்தி இறங்கி, கீழ்விளிம்பு வழியா நம்ம பக்கம் திரும்பி வருது. அதனால கீழ்விளிம்புல அறுத்தா வாளு மரத்தோட இழுத்து ஒட்டிக்கும், மேல்விளிம்புல அறுத்தா நேரா நம்ம மேல தள்ளும். இந்த தள்ளுறதுக்குத்தான் பின்னுதைங்கிற பேரு ஒட்டும். கிக்பேக் வேற சங்கதி. முனையோட மேல் கால்வட்டம் எதுலயாவது முட்டிச்சுன்னா பல்லு அறுக்க முடியாம கடிச்சு நிக்கும், சங்கிலியோட வேகம் பூரா பாருக்குத் திரும்பி வாளு அப்படியே மேல தூக்கி நம்ம மூஞ்சி, கழுத்து, இடது தோளுன்னு வரும். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் கிட்ட ஓடுது, இது நடந்து முடிய பத்துல ஒரு நொடி கூட ஆகாது. பின்னுதைன்னு படிக்கிறவன் இறுக்கிப் பிடிச்சா தாங்கிரலாம்னுதான நெனப்பான்? எங்க தொட்டா வரும், எந்தப் பக்கம் வரும்ங்கிறது சொல்லுலயே இருக்கணும்.

எனக்க மாமா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் முறிக்கப் போறவரு, 25, 30 வருசம் பால் எடுத்து முடிஞ்ச மரங்க. சாய்ச்சுப் போட்ட மரத்துல கொப்பு கழிக்கும்போது எலைக்குள்ள மறைஞ்சு கெடந்த தடியில முனை தட்டிருச்சு. முன்பிடிக்கு முன்னால இருக்க கார்டு ஒடஞ்சு மாசக்கணக்கா மாத்தாம ஓட்டின வாளு, பிரேக் விழல, இடது தோள்ல தையல். கார்டு இருந்திருந்தா மணிக்கட்டு தட்டியோ வாளு தூக்கின குலுக்கத்துலயோ பிரேக் விழுந்து சங்கிலி நின்னிருக்கும். என்ன மாமா ஆச்சுன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது ஒத்த வரி, "மூக்கு சாடிச்சுலே". மூக்குன்னா பாரோட முனை.

அதுல இருந்து எடுத்து 'முனைச்சாட்டம்'னு வைக்கலாமா? கூடவே இன்னொண்ணு, வெட்டுற பல்லுக்கு முன்னால ஒரு சின்ன மேடு இருக்கும், நம்ம ஆளுக ரேக்கர்ம்பாங்க, பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு அதுதான் தீர்மானிக்கும், பெரும்பாலான சங்கிலியில பல்லு நுனிய விட அது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்கும். வேகமா அறுக்கட்டும்னு அத அரத்த வச்சு ஓவரா ராவிருவாங்க, அப்புறம் பல்லு கூடுதலா கடிச்சு வாளு இன்னும் மோசமா தூக்கும். அந்த மேட்டுக்கு 'கடிமட்டம்'.

—

தம்பி, விளக்கம் தெளிவு, பின்னுதைய வாபஸ் வாங்கிக்கிடுதேன். கடிமட்டம் அருமை, அப்படியே ஏத்திரலாம். ஆனா சாடுறதுன்னா குதிக்கிறதுன்னு நமக்குத் தெரியும், மலையாளத்துலயும் அதே, 1956 வரைக்கும் கேரளத்துப் பக்கத்தோட ஒண்ணா கெடந்த ஊருல்லா நம்ம கன்னியாகுமரி. மதுரை தாண்டினா சாடல்னா திட்டுறதுதான், பேப்பர்ல தினமும் 'கடுமையாகச் சாடினார்'னு வருது. 'முனைத்துள்ளல்' எப்படி?

—

அண்ணாச்சி, சாடல் பத்தி சொன்னது நியாயம், ஒத்துக்கிடுதேன். ஆனா துள்ளல்ல பயம் இல்லியே, கண்ணுக்குட்டி துள்ளும், பிள்ளைக துள்ளும். தோள்ல தையல் போட்டுக் கெடந்தவர பாத்த எனக்கு அது ஒப்பல. 'முனையெகிறல்'னு வச்சா? எகிறிட்டு வந்தான்னா சண்டைக்கு வந்தான்னு எல்லா ஊருக்கும் புரியும், மேல வருதுங்கிறதும் அதுல இருக்கு. நேரா தள்ளுறதுக்கு பின்தள்ளல், இழுக்கறதுக்கு உள்ளிழுப்பு, பார் பாராவே இருக்கட்டும், அதுக்கு அலகுன்னு வச்சா யூனிட்னு குழப்பும்.

பட்டியலுக்கு முனையெகிறல். முறிப்புக்காரங்களுக்கு நான் அடிக்கப்போற நோட்டீஸ்ல மட்டும் மாமா சொன்னபடியே போடுதேன்: "முனைய எதுலயும் தட்ட விடாதீங்க, மூக்கு சாடும். இடது பெருவிரல முன்பிடிய சுத்திப் பிடிங்க. தோளுக்கு மேல வாள தூக்காதீங்க. கார்டு ஒடஞ்ச வாள ஸ்டார்ட் பண்ணாதீங்க."