மறு: தீக்காப்பீட்டில் வரும் ‘ஆவரேஜ்’ – சராசரி என்று எழுதலாமா?

(குமுளியிலிருந்து)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஏலக்காய் வியாபாரிகளுக்காக நாம் தமிழில் எழுதும் தீக்காப்பீட்டுக் கையேட்டில் ‘ஆவரேஜ் நிபந்தனை’ என்ற இடத்தில்தான் இன்னும் இழுபறி. முதல் வரைவில் ‘சராசரி நிபந்தனை’ என்று வந்திருக்கிறது. “அப்படியே விடலாம், மலையாளத்திலும் சராசரிதானே” என்று கம்பத்து அக்கா எழுதியிருந்தார். விடக் கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த ஒரு நிபந்தனை புரியாமல் பாலிசி போட்டுவிட்டு, நெருப்புக்குப் பிறகு, இழப்பை மதிப்பிட வரும் சர்வேயரிடம் சண்டைக்கு நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நிபந்தனை சொல்வது இதுதான்: நெருப்புப் பிடித்த நேரத்தில் சரக்கின் மதிப்பு, பாலிசியில் எழுதிய காப்புத்தொகையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் பகுதிக்குப் பாலிசிதாரரே தனக்குத் தானே காப்பீட்டாளர் என்று வைத்துக்கொள்வார்கள். இழப்பில் அதற்கேற்ற வீதத்தை அவரே சுமக்க வேண்டும். கூட்டி வகுத்துச் சராசரி எடுக்கும் வேலை இதில் எங்குமே இல்லை.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஸ்டோரை, அதாவது ஏலக்காயை உலர்த்தி இருப்பு வைக்கும் இடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காய் 4,000 கிலோ இருப்பு. பாலிசி போட்ட அன்று விலை கிலோ 1,000 ரூபாய், ஆக 40 லட்சத்துக்குக் காப்பீடு. ஆறு மாதத்தில் விலை 2,500 ஆகிறது. இருப்பு அதே 4,000 கிலோதான், மதிப்பு இப்போது ஒரு கோடி. ஒருநாள் ராத்திரி, காய் உலர்த்தும் அறையின் சூட்டுக்குழாயிலிருந்து தீ பிடித்து 800 கிலோ எரிந்துபோகிறது. இழப்பு 20 லட்சம். ஸ்டோர்காரர் என்ன நினைப்பார்? “நாப்பது லட்சத்துக்குப் போட்டிருக்கேன், எரிஞ்சது இருபதுதானே, முழுசா வந்துரும்.” வராது. ஒரு கோடிக்கு 40 லட்சம்தான் காப்பு. அதே வீதத்தில் 20 லட்சத்துக்கு 8 லட்சம் கிடைக்கும். மீதி 12 லட்சம் அவர் தலையில்.

இப்படியெல்லாம் விலை ஏறுமா என்று மலைக்கு வெளியே இருக்கிறவர்கள் கேட்கலாம். 2018-ல் ஆயிரத்தைச் சுற்றி ஓடிய காய், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலையாக 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு பழைய காப்புத்தொகையை மாற்றாமல் வைத்திருந்த எல்லாருமே, ஒரு தப்பும் செய்யாமல், மதிப்பில் ஒரு பகுதிக்குத்தான் காப்பு வைத்திருந்தார்கள். நெருப்பு வராத புண்ணியத்தில் பலருக்கு அது தெரியாமலே போயிற்று.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஏல மையத்தில் தினமும் இரண்டு விலை சொல்கிறார்கள்: உச்ச விலை, சராசரி விலை. நம் வியாபாரிக்குச் சராசரி என்றால் அந்த விலைதான். காலையில் போனை எடுத்ததும் “இன்னைக்கு ஆவரேஜ் என்ன?” என்றுதான் கேட்பார். அவர் கையில் ‘சராசரி நிபந்தனை’ என்று அச்சடித்துக் கொடுத்தால் என்ன புரிந்துகொள்வார்? எரிந்த காய்க்கு ஏலத்தின் சராசரி விலை போட்டுத் தருவார்கள் என்று. மனம் நிம்மதியாகிவிடும். தெரியாத சொல்லாக இருந்தால் நாலு பேரைக் கேட்பார். தெரிந்த சொல் தப்பான பொருளில் வந்தால் யாரையும் கேட்க மாட்டார். சராசரியை நான் எதிர்ப்பது இதற்காகத்தான்.

ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இதே பதில். கடன்சொல் எனக்குப் பகை கிடையாது. ஏலம் விடுதல் என்பதே போர்ச்சுகீசியர் வழி வந்த சொல். ஏலத்தை ஏலம் விடுகிறோம் என்று நாம் சொல்லும்போது அது அந்நியமாகவே படுவதில்லை. பாலிசி, பிரீமியம், கிளெய்ம், சர்வேயர் எல்லாம் கையேட்டில் அப்படியே இருக்கட்டும். ‘ஆவரேஜ்’ மட்டும் வேண்டாம், அதன் இடத்தில் ஏற்கெனவே வேறு பொருள் உட்கார்ந்திருக்கிறது.

குழுமத்தில் இதுவரை வந்த மாற்றுச்சொற்கள் இரண்டு. ‘விகிதக் குறைப்பு’: பொருள் கிட்டத்தில் வருகிறது, ஆனால் கம்பெனி ஏதோ தண்டனையாகக் குறைப்பதுபோலத் தொனிக்கிறது. நிபந்தனையின் உயிரே, காப்பீடு செய்யாத பகுதிக்கு நீங்களும் ஒரு காப்பீட்டாளர், உங்கள் பங்கை நீங்கள் தருகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அந்த நியாயம் குறைப்பு என்ற சொல்லில் காணாமல் போகிறது. ‘குறைகாப்பீடு’: நல்ல சொல், வைத்துக்கொள்வோம். ஆனால் அது நிலையின் பெயர். காப்புத்தொகை போதாமல் இருப்பது குறைகாப்பீடு. அதனால் கணக்கில் என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: வீதப்பங்கு. “ஆளுக்கு நூறு வீதம்” என்று கூலி பேசும் ஊர் இது. வீதமும் பங்கும் யாருக்கும் விளக்க வேண்டாத சொற்கள். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “குறைகாப்பீடு இருந்ததால் கிளெய்மில் வீதப்பங்கு போட்டார்கள்.” பேச்சில்: “அறுபது வீதப்பங்கு நம்ம தலையில விழுந்துருச்சு.” நாக்கில் நிற்கிறது.

பெரியவர்கள் சொல்லுங்கள்.

*

(பாலக்காடு சித்தூரிலிருந்து)

தம்பிக்கு,

சர்வே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் ஓட்டு வீதப்பங்குக்குத்தான். சொல்லின் வரலாறும் உங்கள் பக்கமே நிற்கிறது. அந்த ஆங்கிலச் சொல் கடல் வணிகத்தில் பிறந்தது. சேதப்பட்ட சரக்கு என்ற பொருளில் அரபியிலிருந்து இத்தாலிக்குப் போய் அங்கிருந்து பரவியது என்பார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் தள்ளினால், அந்த நட்டத்தைக் கப்பல்காரரும் மற்றச் சரக்குக்காரர்களும் அவரவர் மதிப்பின் வீதப்படி பங்கு போட்டுக்கொள்வார்கள். கூட்டி வகுக்கும் கணக்குப் பொருள் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆக, நாம் சராசரி என்று எழுதுவது பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைப்பது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடல்வழிக் காப்பீட்டில் அதே சொல் பகுதிச் சேதம் என்ற பொருளில் வரும். கொச்சியிலிருந்து காய் ஏற்றுமதி செய்கிறவர் கையேட்டைப் பார்த்து அங்கேயும் வீதப்பங்கு என்று எடுத்துக்கொண்டால் குழப்பம். அங்கே எல்லாரும் பகிர்ந்துகொள்வதை ‘பொதுச் சேதப் பங்கீடு’ என்றும், ஒருவர் மட்டும் சுமப்பதை ‘தனிச் சேதம்’ என்றும் பிரித்து எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதும் என்பதற்காக நமக்கும் ஒன்றே போதும் என்று இருக்கத் தேவையில்லை.

பாலிசியில் கட்டடம், இயந்திரம், சரக்கு என்று தனித்தனி இனங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வீதப்பங்கு தனியாகப் பார்ப்போம். கட்டடத்துக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், அதைச் சரக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். முடியாது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த மாற்றத்தையும் விடாதீர்கள். ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழிலுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைகாப்பீட்டைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவில் வீதப்பங்கே கிடையாது. ஆகவே இந்தச் சொல் வீட்டுக்காரரைப் பயமுறுத்த வேண்டியதில்லை, ஸ்டோர்காரருக்குத்தான் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. எக்ஸஸுக்கு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் பாலிசிதாரரே ஏற்க வேண்டிய தொகைக்கு, வரைவில் ‘கழிவு’ என்றிருக்கிறது. உங்கள் தொழிலில் கழிவு என்றால் ஒதுக்கின காய். ‘பிடித்தம்’ என்று மாற்றுங்கள். வீதப்பங்கு போட்ட பிறகு, கடைசியில்தான் அதைப் பிடிப்போம் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

*

(கம்பத்திலிருந்து)

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

ஏல விலைச் சங்கதியைப் படித்ததும் சராசரியை நான் விட்டுவிட்டேன். எங்கள் கடையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

குறைகாப்பீட்டில் ஒற்று மிகுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். குறைப்பிரசவத்தில் மிகுகிறது, குறைகடத்தியில் மிகவில்லை. வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது: குறைந்த, குறைகிற, குறையும் காப்பீடு. நம் ஸ்டோர் கதையில் விலை ஏற ஏறக் காப்பு குறைந்துகொண்டே வந்ததால் வினைத்தொகையே பொருந்துகிறது. ஒற்றில்லாமல் எழுதுவோம்.

இருப்பின் மதிப்பை மாதாமாதம் கம்பெனிக்குத் தெரிவித்து, ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்துகொள்ளும் டிக்ளரேஷன் பாலிசி இருக்கிறதே, விலை ஆடுகிற சரக்குக்கு அதுதானே வழி? அதற்கு ‘இருப்பறிவிப்புப் பாலிசி’ என்று போடலாமா? வீதப்பங்கு என்ற நோயைச் சொன்ன பக்கத்திலேயே மருந்தும் இருக்க வேண்டும்.

*

(குமுளியிலிருந்து)

ஐயா, அக்கா இருவருக்கும் நன்றி. இருப்பறிவிப்புப் பாலிசி அருமை, சேர்த்துவிட்டேன். உச்ச விலையில் மொத்த இருப்பும் அடங்கும்படி காப்புத்தொகை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் அதன்கீழ் வருகிறது. இல்லையென்றால் அங்கேயும் வீதப்பங்கு வந்து நிற்கும். கடல்வழிப் பகுதியை ஐயா சொன்னபடி பிரித்தாயிற்று. அச்சுக்குப் போகும் வாசகம்:

“வீதப்பங்கு: தீப்பிடித்த நேரத்தில் உங்கள் சரக்கின் மதிப்பு காப்புத்தொகையைவிடக் கூடுதலாக இருந்தால், கூடுதலான பகுதிக்கு நீங்களே காப்பீட்டாளர். எவ்வளவு எரிந்தாலும், இழப்பில் அந்த வீதத்துக்கான பங்கு உங்களுடையது. கட்டடம், இயந்திரம், சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். விலை ஏறியதும் காப்புத்தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். பாலிசி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.”

ஞாயிறுவரை திருத்தம் இருந்தால் எழுதுங்கள். திங்களன்று அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.