புதுப்பிப்பு: ராக்கி மலைப் பூங்காவில் பெற்றோருடன் ஒரே நாளில் அருவியும் ஏரியும்

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் அப்பா அம்மாவோடு ஒரே நாளில் ஒரு அருவியும் ஏரியும் பார்க்க எந்தப் பாதை சரி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது "விடியும் முன்பே போய் கிளேசியர் கார்ஜில் தொடங்குங்கள்" என்ற யோசனைதான் (பேர் லேக் சாலையில் நடைபாதை தொடங்கும் இடம் அது). கோடையில் பேர் லேக் சாலைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரை நேர முன்பதிவு வேண்டும், அது எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் 5 மணிக்கு முன்பே நுழைந்துவிட்டோம், சின்ன வண்டி நிறுத்துமிடமாக இருந்தும் இடம் இருந்தது. (விதி வருடத்துக்கு வருடம் மாறலாம், போகுமுன் பாருங்கள்.)

ஆல்பர்ட்டா அருவி அங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர்தான், அம்மாவே மெதுவாக ஏறிவிட்டார். மில்ஸ் ஏரி தொடக்கத்திலிருந்து சுமார் 4.5 கிலோமீட்டர், உயரம் 3,000 மீட்டரை ஒட்டி இருப்பதால் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, நின்று நின்று போனோம். வயதானவர்களோடு போகிறவர்கள் முந்தைய நாள் அடிவாரத்தில் தங்கிவிடுங்கள்.

எதிர்பாராதது ஹையாஹா ஏரி. வழியில் பிரிந்து தம்பி மட்டும் போனான். 2022 நிலச்சரிவில் பாறைத்தூள் கலந்ததில் தண்ணீர் பால் கலந்த பச்சையாக மாறியிருக்கிறது, படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

மதியத்துக்குள் இறங்கிவிட்டோம். சீக்கிரமே இடி மழை பிடித்தது, அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தீர்கள்.