மின்சார வண்டி மானியம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவைக்காரன்:
2023 மே கடைசி. மின்சார ஸ்கூட்டருக்கு மத்திய அரசு தந்த ஃபேம் மானியம் ஜூன் 1 முதல் குறைகிறது என்று தெரிந்துதான் 24ஆம் தேதியே முழுப் பணத்தையும் கட்டினேன். "இந்த மாசத்துக்குள்ள ரிஜிஸ்டர் ஆயிடும் சார்" என்றார் ஷோரூமில். ஆகவில்லை. ஜூன் 3 அன்று போனால், என் ரசீதை வாங்கிப் பழைய தொகையைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 22,000 கூட்டி எழுதினார். பணம் கட்டிய தேதி கணக்கில்லையாம், வண்டி பதிவான தேதிதான் கணக்காம். மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன். அந்தப் பேனாக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருப்பூர்ப் பெண்:
அப்பா பெயரில் 2024 டிசம்பரில் எடுத்தோம், ஃபேமுக்குப் பிறகு வந்த பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டம். ஆதார் முகச் சரிபார்ப்பு முடிந்தால்தான் மானியத்துக்கான இ-வவுச்சர், அதாவது மின்னணுச் சீட்டு, போனுக்கு வரும். அப்பாவுக்கு 71 வயது, கண் ஆபரேஷன் ஆனவர். "கண்ணச் சிமிட்டுங்க ஐயா, இன்னொரு தடவை" என்று ஷோரூம் பெண் போனைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலில் நின்று சிமிட்டுகிறார், தண்ணீர் தாரையாக வழிகிறது. ஏழாவது தடவை ஏற்றுக்கொண்டது. பத்தாயிரம் குறைந்தது, சரி. ஆனால் முப்பது வருடம் பனியன் கம்பெனியில் நின்று உழைத்த மனிதரை அப்படி நிற்க வைத்துவிட்டோமே என்றுதான் இருக்கிறது.

ஓசூர் அண்ணாச்சி:
கோவைத் தம்பி, கோபத்தை மானியத்தின் மேல் காட்டாதீர்கள். அது குறைந்துகொண்டே போகும் என்பது தெரிந்த விஷயம். 2021 ஜூனில் பேட்டரி கொள்ளும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (கிலோவாட்-மணி) 15,000 ரூபாய், வண்டி விலையில் 40 சதவீதம் வரை. 2023 ஜூனில் அதுவே 10,000 ரூபாய், 15 சதவீதம் வரை. 2024இல் வந்த இ-டிரைவில் இன்னும் கம்மி. எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான்: 2022இல் சார்ஜருக்குத் தனியாக பில் போட்டார்கள், அது தப்பு என்று அரசு பிடித்தபிறகு அடுத்த வருடம் திருப்பித் தந்தார்கள், பஸ்ஸில் நின்றபடி மெசேஜைப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை.

இனி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள், பதிவு தள்ளிப்போனால் வித்தியாசம் யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கொட்டேஷனில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தானா, சாலை வரி விலக்கைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் இன்றும் உங்களிடம் இருக்கிறதா? மானியம் நடப்பில் இருந்தால் வவுச்சர் அதற்குத்தான் வரும். அப்புறம், அடுக்குமாடியில் இருந்தால் வண்டிக்கு முன்னால் பிளக் பாயிண்ட்டுக்கு அசோசியேஷனிடம் பேசுங்கள், அதுவும் உங்கள் மீட்டரிலிருந்தே இழுக்கிற மாதிரி. பொது மீட்டர் என்றால் மாதாமாதம் சண்டைதான்.

கோவைக்காரன்:
அண்ணா, தெரிந்த விஷயம் என்கிறீர்கள். தெரிந்ததால்தானே 24ஆம் தேதியே கட்டினேன்? எட்டு நாள் என் பணத்தை வைத்துக்கொண்டு ஃபைலை அனுப்பாமல் இருந்தது யார்? எழுதி வாங்காதது என் தப்புதான். ஆனால் அந்த ரசீது பீரோவில் பத்திரமாக இருக்கிறது, மே 24 சீலோடு. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, அதைச் சொல்லுங்கள்.