பேனல் பாக்ஸ் உள்மூலையில் பவுடர் ஏறவில்லை, மறுகோட்டில் குழி விழுகிறது: உதவி தேவை

பேனல் பட்டறை

வணக்கம். கோவை குறிச்சிப் பக்கம் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எலக்ட்ரிகல் பேனல் பாக்ஸ்தான் அதிகம் வரும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு, 600-க்கு 450, ஆழம் 200 மி.மீ., கலர் சீமென்ஸ் கிரே (ஆர்.ஏ.எல். 7032). பவுடருக்கு மின் சார்ஜ் ஏற்றி அடிக்கும் மேனுவல் கொரோனா கன் ஒன்று, உள்ளே வைத்து அடிக்க பூத் ஒன்று, பவுடரை உருக்கிப் பிடிக்க வைக்க டீசல் ஓவன்.

மழை ஆரம்பித்ததிலிருந்து பாக்ஸின் உள்மூலையில் பவுடர் ஏறவே மாட்டேன் என்கிறது. வெளிப்பக்கம் 100 மைக்ரான் தாண்டுகிறது, மூலையில் தகடு தெரிகிறது. ஆபரேட்டர் கன்னின் கே.வி.யை (கிலோ வோல்ட்) முழுசாக 100-ல் வைத்துத்தான் அடிக்கிறார். விட்டுப்போன இடத்தில் மறுகோட் அடித்தால் சுற்றிலும் பொடிப்பொடியாக நட்சத்திரக் குழி விழுகிறது. ஓவனிலிருந்து எடுத்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். இடையிடையே கன் ‘புஸ் புஸ்’ என்று மொத்தமாகக் கொட்டுகிறது. பாக்ஸைத் தொட்டால் சில நேரம் சுள்ளென்று அடிப்பதாகவும் ஆபரேட்டர் சொல்கிறார்.

கன் விற்றவர் பவுடர் சரியில்லை என்கிறார். பவுடர் கொடுத்தவர் கன் சரியில்லை என்கிறார். கஸ்டமர் நான் சரியில்லை என்கிறார். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

கிரில் கோட்டர்

மழைக்காலத்தில் எல்லோருக்கும் இருக்கும் தொல்லைதான் அண்ணா. பவுடர் ஈரம் இழுத்திருக்கும். புது பவுடர் பாக்ஸ் பிரித்துப் போடுங்கள், சரியாகிவிடும். கே.வி. 100 இருக்கட்டும், குறைத்தால் இருக்கிறதும் ஒட்டாது.

ஹோசூர் லைன்

புது பவுடர் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பாக்ஸைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கன் முனையில் உள்ள ஊசி காற்றை அயனியாக்குகிறது. பவுடர் அந்த வழியாக வரும்போது நெகட்டிவ் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. எர்த்தில் இருக்கும் பொருளைத் தேடிப் போய் ஒட்டுகிறது. பாக்ஸுக்கு வந்து சேரும் சார்ஜ், பாக்ஸை மாட்டிய ஹூக் வழியாக, ஹூக் தொங்கும் கம்பி வழியாகத் தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்க வழியில்லை என்றால் பாக்ஸே நெகட்டிவ் ஆகி, அடுத்து வரும் பவுடரைத் தள்ளிவிடும். தொடுகிற ஆளுக்கு அடிப்பதும் அந்தத் தேங்கிய சார்ஜ்தான்.

இரண்டு சோதனை செய்யுங்கள். கன்னில் பவுடர் வராமல் நிறுத்திவிட்டு, ட்ரிகரை அழுத்தியபடி பாக்ஸின் அருகே மெதுவாகக் கொண்டு போங்கள். கண்ட்ரோலரில் மைக்ரோ ஆம்பியர் காட்டும் இல்லையா, கிட்டே போகப் போக அது ஏற வேண்டும். ஏறாமல் கிடந்தால் எர்த் இல்லை. அடுத்தது, எலக்ட்ரீஷியனிடம் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வாங்கி 500 வோல்ட்டில் பாக்ஸுக்கும் எர்த் பிட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், நல்ல லைனில் அதைவிட எவ்வளவோ குறைவாகவே இருக்கும். மல்ட்டிமீட்டரை நம்ப வேண்டாம். அதன் வோல்ட்டேஜ் சின்னது, இந்த வேலைக்குப் போதாது.

ஹூக்கை எப்போது சுத்தம் செய்தீர்கள்?

பேனல் பட்டறை

நன்றி சார். கேட்டவுடனே போய்ப் பார்த்தோம். மைக்ரோ ஆம்பியர் 8, 10 என்று நிற்கிறது, கன்னைப் பாக்ஸில் இடிக்கிற அளவுக்குக் கொண்டு போனாலும் ஏறவில்லை. மெகரில் பூத் பாடி, மேலே உள்ள கம்பி எல்லாம் சரி. ஹூக்கிலிருந்து பாக்ஸுக்கு அளந்தால் முள் அசையவே இல்லை.

ஹூக்கைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பதோடு சரி. மேலே கோட் மேல் கோட்டாகப் பெயின்ட் ஏறி விரல் தடிமன் இருக்கிறது.

ஹோசூர் லைன்

வெந்த பவுடர் நல்ல இன்சுலேட்டர். பெயின்ட் மூடிய ஹூக்கில் மாட்டிய பாக்ஸ் அந்தரத்தில் தொங்குவதாகத்தான் கணக்கு. கம்பியைத் தொடும் மேல் வளைவு, பாக்ஸைத் தொடும் கீழ் முனை, இரண்டிலும் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். கீழ் முனையை உருண்டையாக விடாமல் கூராக வெட்டி வையுங்கள், பாக்ஸின் எடையிலேயே அது கீறிப் பிடித்துக்கொள்ளும். மேல் கம்பியையும் அவ்வப்போது ஃபைல் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஹூக்கைச் சுத்தம் செய்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள்.

பவுடர் டெக்னீஷியன்

எர்த் சரியானால் பாதி வேலை முடியும். மீதி அந்த 100 கே.வி.யில் இருக்கிறது. கிரில் கோட்டர் தம்பி சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நான் சொல்வேன்.

மின்புலம் விளிம்பையும் முனையையும்தான் முதலில் பிடிக்கும், பள்ளத்துக்குள் இறங்காது. பந்தியில் வாசலோரம் உட்கார்ந்தவர் இலையிலேயே சாம்பார் வாளி காலியாகிவிடுகிற கதைதான். வோல்ட்டேஜை ஏற்ற ஏற்ற விளிம்புக்கு இன்னும் அதிகமாகப் போகும், மூலைக்கு இன்னும் குறையும். ஃபாரடே கேஜ் என்பார்கள். உங்கள் பாக்ஸ் மாதிரி ஐந்து பக்கம் மூடியதில் இது கட்டாயம் வரும்.

ஆகவே பாக்ஸின் உள்பக்கத்துக்கு மட்டும் கே.வி.யை 40, 50-க்கு இறக்குங்கள். கண்ட்ரோலரில் கரண்ட் லிமிட் இருந்தால் இன்னும் நல்லது, கே.வி.யைத் தொடாமல் கரண்ட்டை 20 மைக்ரோ ஆம்பியர் பக்கம் கட்டிப்போடலாம். கன் முனையில் பவுடரை விரிக்கும் வட்ட டிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு, பட்டையாக அடிக்கும் ஃப்ளாட் ஸ்ப்ரே நாசில் போடுங்கள். பவுடரைத் தள்ளும் ஏர் குறையட்டும். மூலைக்குள் காற்று வேகமாகப் போனால் மோதித் திரும்பி வரும்போது ஒட்டிய பவுடரையும் வாரிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் வரிசை முக்கியம்: முதலில் உள்மூலை, பிறகு உள்சுவர், கடைசியில் வெளிப்பக்கம். உங்கள் ஆள் வெளியிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று நினைக்கிறேன். வெளிப்பக்கம் 100 மைக்ரான் தாண்டுவது அதனால்தான்.

பெயின்ட் கன்

நான் லிக்விட் பெயின்ட் ஆள், எலக்ட்ரோஸ்டாடிக் கன்தான், பவுடர் இல்லை. எங்களுக்கும் இதே கதை. பைப், நாற்காலிக் கால் போன்றவற்றில் பெயின்ட் பின்பக்கம் வரை சுற்றிப் போய் ஒட்டும், பெட்டிக்குள் அடிக்கச் சொன்னால் மூலை காலி. உள்பக்கத்துக்கு நாங்கள் ஹை வோல்ட்டேஜை அணைத்துவிட்டுச் சாதாரண ஸ்ப்ரேயாக அடித்துவிடுவோம். பவுடரில் அது முடியாது என்று நினைக்கிறேன், ஒட்டாமல் உதிர்ந்துவிடும் அல்லவா?

பவுடர் டெக்னீஷியன்

ஆமாம், சார்ஜ் இல்லாவிட்டால் ஓவன் போகும் வழியிலேயே உதிரும். ட்ரைபோ கன் என்று ஒன்று உண்டு. அதில் ஹை வோல்ட்டேஜ் இல்லை, டெஃப்லான் குழாயில் உரசி உரசியே பவுடர் சார்ஜ் ஆகும். கன்னுக்கும் பொருளுக்கும் நடுவே அந்த பலமான புலம் இல்லாததால் மூலைக்குள் நன்றாகப் போகும். ஆனால் அதற்கு ஏற்ற பவுடர் வேண்டும், வேகமும் குறைவு. இந்த ஒரு பாக்ஸுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்

ஆபரேட்டர் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவர் ரப்பர் கையுறையும் சாதாரண ரப்பர் செருப்பும் போட்டிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். கன் கைப்பிடியில் உள்ள உலோகப் பட்டையை வெறும் உள்ளங்கை தொட வேண்டும், அதுதான் அவருக்கு எர்த். கையுறை வேண்டுமென்றால் உள்ளங்கைப் பகுதியை வெட்டிவிடுங்கள். ஷூ ஆன்டி ஸ்டாடிக் ஆக இருக்கட்டும்.

சுள்ளென்று அடிப்பதைச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கும் தூசி. எர்த் இல்லாத பாக்ஸிலிருந்தோ ஆளிடமிருந்தோ பாயும் ஒரு பொறி போதும். ஹூக் சுத்தமாகும் வரை கோட்டிங்கை நிறுத்தி வையுங்கள். பூத் எக்ஸாஸ்ட் ஓடாமல் கன்னை எடுக்கவே கூடாது.

பேனல் பட்டறை

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் சார். கையுறை, செருப்பு இரண்டும் ரப்பர்தான். மாற்றியாகிவிட்டது.

ஹூக்கை எல்லாம் கிரைண்டர் பிடித்து முனையைச் சுத்தம் செய்தோம். இப்போது கன் கிட்டே போனால் மைக்ரோ ஆம்பியர் நன்றாக ஏறுகிறது, மெகரிலும் சரி. ஷாக் இல்லை. கரண்ட் லிமிட் பட்டன் எங்கள் கண்ட்ரோலரிலேயே இருந்திருக்கிறது, யாரும் தொட்டதில்லை. 20-ல் வைத்து மூலையிலிருந்து ஆரம்பித்தால் உள்ளே 60 மைக்ரான் வருகிறது. வெளியே 75, 80.

ஆனால் முன்பு ரிஜெக்ட் ஆன பாக்ஸ்களில் மறுகோட் அடித்தால் இன்னும் அந்தக் குழி வருகிறது. கன் கொட்டுவதும் நிற்கவில்லை.

பவுடர் டெக்னீஷியன்

மறுகோட்டில் எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடியில் ஏற்கெனவே ஒரு இன்சுலேட்டர் கோட் இருக்கிறது. அதன் மேல் சார்ஜ் சீக்கிரம் குவிந்து, தாங்க முடியாத கட்டத்தில் பவுடர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. இதைத்தான் பேக் அயனைசேஷன் என்பார்கள். அந்தத் துளைதான் உங்கள் நட்சத்திரக் குழி. புதுத் தகட்டிலும் ஒரே இடத்தில் நிறைய அடித்தால் இதே நிலைமைதான் வரும்.

மறுகோட்டுக்குக் கரண்ட்டை 10 மைக்ரோ ஆம்பியருக்கு இறக்குங்கள். கன்னை ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். மெல்லிசாக ஒரு கோட் போதும். அதற்கு முன் குழி விழுந்த இடத்தை எமரி போட்டுச் சமப்படுத்தி, துடைத்து, காய விட வேண்டும். தேய்க்காமல் மேலே அடித்தால் பழைய குழி அப்படியே தெரியும். 150 மைக்ரானைத் தாண்டிய பாக்ஸ் என்றால் வீண் முயற்சி, பழைய கோட்டை முழுசாக ஸ்ட்ரிப் செய்துவிட்டுப் புதிதாக அடிப்பது மேல்.

ஹோசூர் லைன்

கன் கொட்டுவதுதான் மழைக்கால வேலை. அதில் கிரில் கோட்டர் சொன்ன ஈரம் உண்மை, ஆனால் பவுடர் பாக்ஸிலிருந்து வருவதைவிடக் கம்ப்ரஸரிலிருந்து வருவதே அதிகம். கன்னுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஒரு நிமிஷம் ஊதிப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் விடை அதுதான். டேங்க் ட்ரெயினைத் தினமும் காலையில் திறக்க வேண்டும். ரெஃப்ரிஜரேட்டட் ஏர் ட்ரையர் இல்லையென்றால் இந்தச் சீசனுக்கு அது இல்லாமல் ஓட்டுவது கஷ்டம்.

கூடவே ஹாப்பர் (பவுடர் தொட்டி) பம்ப்பில் பவுடரை இழுத்துத் தள்ளும் வெஞ்சூரி இன்செர்ட்டைக் கழற்றிப் பாருங்கள். டெஃப்லான் துண்டு, துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் பவுடர் சீராக வராது. விலை ஒன்றும் பெரிதில்லை.

பூத்தில் ஒட்டாமல் விழுந்து அள்ளிய பவுடரை அப்படியே போடுகிறீர்களா?

பேனல் பட்டறை

துணியில் நன்றாகவே ஈரம் தெரிந்தது. ட்ரையர் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை, கேஸ் போயிருக்கிறதாம். ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அள்ளிய பவுடர், ஆமாம், சலித்துவிட்டுப் போடுகிறோம். சில நாள் முழுக்க அதுதான்.

ஹோசூர் லைன்

முழுக்க வேண்டாம். அள்ளியதில் நைசுத் தூள் அதிகம், அது சரியாகச் சார்ஜ் ஆகாது, ஓடவும் ஓடாது. புதுசு இரண்டு பங்குக்குப் பழசு ஒரு பங்கு கலந்து போடுங்கள்.

கிரில் கோட்டர்

நானும் இன்று என் ஹூக்கை மெகர் வைத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் போச்சு. ஒரு சந்தேகம்: கிரைண்டரில் ஒவ்வொன்றாகத் தேய்க்க நேரம் ஆகிறது. ஓவனிலேயே போட்டு எரித்துவிடலாமா?

ஷிஃப்ட் இன்சார்ஜ்

கூடாது தம்பி. கியூரிங் ஓவன் 200 டிகிரி வேலைக்குச் செய்தது, பெயின்ட் எரிய அதைவிட இரண்டு மடங்குச் சூடு வேண்டும். எரியும் புகை ஓவனிலேயே தேங்கினால் தீ விபத்து. வெளியே பர்ன் ஆஃப் செய்து தரும் யூனிட்டில் கொடுங்கள், அல்லது ஸ்ட்ரிப்பர் கெமிக்கலில் ஊறப்போடுங்கள். இரண்டு செட் ஹூக் வைத்துக்கொண்டால் ஒன்று ஓடும்போது இன்னொன்று சுத்தமாகும். எரித்த ஹூக் சில தடவைக்குப் பிறகு மெலிந்து இளகிவிடும், கனமான ஜாப்புக்கு அதைப் போடாதீர்கள்.