ஸ்பீக்கர் பாக்ஸ் அடித்த கதைகள்

கரூர்க்காரன்:
சென்னை ரிட்சி தெருவில் ஆறரை அங்குல வூஃபர் (பேஸ், அதாவது அடி ஒலி தரும் ஸ்பீக்கர்) இரண்டு வாங்கி வந்து, பாக்ஸை வீட்டிலேயே அடிக்க இறங்கினேன். கணக்குப் போட்டதில் பாக்ஸ் ஒன்றுக்கு 15 லிட்டர் கொள்ளளவு, காற்று போய்வர 5 செ.மீ. விட்டத்தில் 12 செ.மீ. நீளக் குழாய், 50 ஹெர்ட்ஸ் டியூனிங் (உள்காற்றும் குழாயும் சேர்ந்து முழங்கும் சுருதி) என்று வந்தது. 20 × 25 × 30 செ.மீ. பெருக்கினால் சரியாக 15 லிட்டர். அதைத் தாளில் எழுதி மரக்கடையில் நீட்டினேன். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளைப் பிசினோடு அழுத்திய) பலகையை அறுக்கும் முன் கடைக்காரர், "வெளியளவுதானே தம்பி?" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு விலை ஐந்தே முக்கால் லிட்டர்!

கிளாம்ப் இல்லை, பழைய சைக்கிள் டியூபைக் கீறி இழுத்துக் கட்டினேன், ஃபெவிகால் இரும்பாய்ப் பிடித்தது. பாட்டைப் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி காலி டிரம்மைத் தட்டியதுபோல் கேட்கிறது. ஒரு வாரம் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். அப்புறம்தான் டேப்பை உள்ளே விட்டு அளந்தேன். இரு பக்கப் பலகையும் சேர்ந்து ஒவ்வொரு அளவிலும் 3.6 செ.மீ. தின்றிருந்தன. உள்ளே இருந்தது 9.3 லிட்டர்தான். காற்று குறைந்ததால் டியூனிங் 63 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. குழாயை நீட்டினால் இறங்கும். ஆனால் கிட்டத்தட்ட 22 செ.மீ. வேண்டும், பாக்ஸின் உள் ஆழமே 21.4. கடைசியில் பழைய துண்டைச் சுருட்டிக் குழாயை இறுக அடைத்தேன். பேஸ் குறைந்தது, ஆனால் தெளிந்தது. இப்போது சமையலறையில் பாடுகிறது. புது ஜோடிக்கு வெளியளவு 23.6 × 28.6 × 33.6.

உப்புத்தாள்:
அண்ணா, உங்களுக்கு அளவு, எனக்குப் பெயின்ட். எம்டிஎஃப்பின் முகம் வழுவழுவென்று இருக்கும், அறுத்த ஓரமோ பஞ்சு. மூன்று கோட் பிரைமரையும் குடித்துவிட்டு அப்படியே சொரசொரவென்று நின்றது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஓரத்தில் பூசி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடங்கியது. அடுத்த ஜோடிக்குத் தேக்கு வினீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி, ஐப்பசி மழையில் தின்னர் கலந்த லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடித்தேன் (என்ன அவசரமோ). காலையில் பார்த்தால் விபூதி பூசியதுபோல் வெள்ளை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. நல்ல வெயில் வந்த நாளில் வெறும் தின்னரை மெல்ல ஸ்பிரே செய்ததும் வெண்மை கரைந்தது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் போடுங்கள். அந்தத் தூள் பிசினும் மரமும் கலந்தது.

பழைய ரேடியோ:
எங்கள் காலத்தில் ஏது எம்டிஎஃப்? மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, திண்ணை மூலையில் வைத்தால் தெருவே கேட்கும். கீறல் விழுந்த பானை மட்டும் கூடாது, கரகரக்கும். கொள்ளளவுக்குக் கணக்கும் வேண்டாம். லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றி எண்ணிக்கொள்ளலாம். உள்ளளவு, வெளியளவு பஞ்சாயத்தே கிடையாது தம்பி. இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் சரி.

கரூர்க்காரன்:
ஐயா, பானையில் குழாய்க்கு எப்படித் துளை போடுவது?

பழைய ரேடியோ:
நான் முயன்றதில் இரண்டு பானை போயிற்று. குயவரிடம் சொல்லி, சுடுவதற்கு முன்பே துளை வைத்து வாங்குங்கள்.