மூன்று லேண்ட்லைன்களை இணைய வழிக்கு மாற்றலாமா? எண் மாறக் கூடாது

கோவைப் பம்ப் (கேள்வி):

வணக்கம். கோவையில் பம்ப் செட் உதிரி பாகங்களும் ஸ்டார்ட்டர் பெட்டிகளும் விற்கும் கடையை என் தந்தையார் காலத்திலிருந்து நடத்தி வருகிறோம். 0422-இல் மூன்று லேண்ட்லைன்கள் இருக்கின்றன. முதல் எண்ணில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு தானாக அடுத்த எண்ணுக்குப் போகும்படி ஹன்டிங் வசதி வாங்கியிருக்கிறோம். மூன்றும் ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியில் சேர்ந்து, கவுன்டர், குடோன், கணக்கு அறை என்று எட்டு எக்ஸ்டென்ஷன்களாகப் பிரிகின்றன. சென்ற ஐப்பசி மழையில் இரண்டு லைன்கள் பதினொரு நாள் ஊமையாகக் கிடந்தன. வந்து பார்த்த லைன்மேன், மண்ணுக்குள் கேபிள் ஜாயின்ட்டில் நீர் இறங்கிவிட்டதாகவும், இனிச் செம்புக் கம்பிக்கு யாரும் செலவு செய்ய மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்கு ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே வந்திருக்கிறது. என் கவலையெல்லாம் அந்த முதல் எண்ணைப் பற்றியதுதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோட்டங்களில் நாங்கள் விற்ற ஸ்டார்ட்டர் பெட்டிகளின் கதவில் அந்த எண்ணை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; மோட்டார் நின்றுபோனால் விவசாயி அதைப் பார்த்துத்தான் எங்களை அழைக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒட்டிய ஸ்டிக்கருக்கு இன்றும் அழைப்பு வருகிறது. அந்த எண்ணை இழக்காமல் மாற முடியுமா? இபிஏபிஎக்ஸைத் தூக்கிப் போட வேண்டுமா?

இணைப்பு வேலைக்காரன்:

எண்ணிலிருந்தே தொடங்குவது சரி. கைபேசி எண்ணை 2011 முதல் நாடு முழுவதும் வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடிகிறது. லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி நம் நாட்டில் வரவில்லை. ஆகவே இப்போது அந்த எண்ணைத் தந்திருக்கும் நிறுவனத்திடமே, அதே எண்ணைச் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். முடியாது என்றால் முதல் லைனை மட்டும் விட்டுவைத்து, அதற்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடலாம். எக்காரணம் கொண்டும், பதில் வரும் முன் பழைய இணைப்பைச் சரண்டர் செய்துவிடாதீர்கள்.

இபிஏபிஎக்ஸைத் தூக்கிப் போடத் தேவையில்லை. ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் பின்புறத்தில் தொலைபேசிக்கென்று ஒன்றிரண்டு துளைகள் இருக்கும்; அதிலிருந்து ஒரு வயரை எடுத்து இபிஏபிஎக்ஸின் வெளி லைன் துளையில் செருகினால், அந்தப் பெட்டிக்கு அதுவும் ஒரு சாதாரண லேண்ட்லைன்தான். மூன்று லைன்களுக்கு அத்துளைகள் போதாவிட்டால் சிப் ட்ரங்க், அதாவது இணையம் வழியே பல அழைப்புகளை ஒன்றாகக் கொண்டுவரும் இணைப்பு வாங்கி, அதை இபிஏபிஎக்ஸுக்கு ஏற்ற சாதாரண லைன்களாக மாற்றித் தரும் கேட்வே பெட்டி ஒன்றை இடையில் வைக்கலாம். ட்ரங்கில் ஒரே எண்ணில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்பதால் ஹன்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பலரும் இணைய வேகத்தைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள், அது வீண். குரலைச் சுருக்காமல் இணையத்தில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று ஏறத்தாழ 100 கேபிபிஎஸ் வீதம் போதும். கெடுப்பது தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும்தான். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இடறிக்கொள்வார்கள். உங்கள் சிசிடிவி கேமராக்கள் கிளவுடுக்குப் படம் ஏற்றிக்கொண்டிருந்தால், ராவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் க்யூஓஎஸ் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஈரோடு ஜவுளி:

மேலே உள்ளவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியே நம் தொலைபேசிக்கு மின்சாரம் தருகிறது. அதனால்தான் தெருவே இருண்டிருந்தாலும் டயல் டோன் இருக்கும். ஃபைபரில் அந்த வசதி கிடையாது. எங்கள் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நானும் அலட்சியமாக இருந்தேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று கரன்ட் போன நொடியில், இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்வதற்குள் ஓஎன்டி அணைந்து மீண்டும் எழுந்தது. பேசிக்கொண்டிருந்த சேலத்து வியாபாரியின் அழைப்பு அறுந்து, அவர் கோபித்துக்கொண்டு போனார். ஓஎன்டிக்கும் ராவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. மாறிய முதல் வாரம், நாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. தொலைபேசியை மாற்றினோம், வயரை மாற்றினோம். கடைசியில் ராவுட்டரில், இணைய அழைப்புத் தகவல்களில் தானாகக் கைவைத்துத் திருத்தும் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்ததும் சரியாயிற்று.

கோவைப் பம்ப்:

இருவருக்கும் நன்றி. கணக்கு அறையில் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் இருக்கிறது; மாதத்துக்கு ஒரு முறை ஒரு பழைய டீலருக்காக மட்டும் ஓடுகிறது. அதையும் மாற்றலாமா? தவிர, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். ஒரு பெட்டியில் பல சிம் கார்டுகளைச் செருகி அழைப்புகளைத் திருப்புவாராம்.

இணைப்பு வேலைக்காரன்:

அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இணையத் தொலைபேசிக்கு 2018-இல் தொலைத்தொடர்புத் துறை வழிதிறந்தது உண்மை, ஆனால் அது உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு; உரிமமின்றி சிம் பெட்டி நடத்துவது குற்றம், போலீஸ் வந்தால் இடம் கொடுத்த உங்களையும்தான் கேட்கும்.

ஃபேக்ஸ், குரலுக்கான சுருக்க முறையில் அடிக்கடி பாதியிலேயே நின்றுவிடும். இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்புவதற்கென்றே உள்ள டி.38 என்ற முறையைக் கேட்வேயும் நிறுவனமும் இரண்டுமே ஏற்றால்தான் ஓடும். மாதம் ஒரு தாளுக்காக அந்தப் பாடு வேண்டாம், டீலரிடம் மின்னஞ்சல் கேளுங்கள். சிப் கணக்குகளுக்கு 101 எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்துவிடாதீர்கள். இரவோடு இரவாக யாரோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள். தேவையில்லை என்றால் ஐஎஸ்டியை அடைத்துவிடச் சொல்லுங்கள்.

கோவைப் பம்ப்:

குடோனுக்குப் போகும் மூன்றாவது எண்ணை முதலில் மாற்றி, ஒரு பராமரிப்பு நாளும் ஒரு மழையும் கடந்த பிறகு மற்றவற்றைப் பார்க்கிறேன். முதல் எண்ணுக்கான கடிதத்தை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.